கோய் மீன் குளத்தில் செடி வளர்ப்பது

கோய் மீன் (ஜப்பானிய வண்ணக் கெண்டை) இருக்கும் குளத்தில் செடி வைக்காதீர்கள் என்று சொல்பவர்கள் இரண்டு வகை. முதல் வகையினர் வைத்துப் பார்த்துச் சலித்தவர்கள். காலையில் இறக்கிய அல்லி மாலைக்குள் வேரோடு மிதப்பதைப் பார்த்தவர்கள். இரண்டாவது வகையினர் ஜப்பானிய முறையை மதிப்பவர்கள். கோய் மேலிருந்து பார்க்க வேண்டிய மீன், ஆழமான தெளிந்த தண்ணீரில் அதன் முதுகு நிறம்தான் காட்சி, அதை இலை போட்டு ஏன் மறைக்க வேண்டும் என்பது அவர்கள் கேள்வி. இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனாலும் என் வீட்டுத் தோட்டத்தில் மீனும் செடியும் சேர்ந்தே வாழ்கின்றன, இரண்டும் செழிப்பாகவே இருக்கின்றன.

கோவையில் வடவள்ளிப் பக்கம் வீடு. குளம் 10 அடிக்கு 8 அடி, ஆழம் 4 அடி. கணக்குப் போட்டால் சுமார் 9,000 லிட்டர். அதில் எட்டு கோய். குளத்தை ஒட்டி, அதைவிடக் கொஞ்சம் உயரமாக, 6 அடிக்கு 3 அடியில் ஒரு ஜல்லிப் படுகை கட்டியிருக்கிறேன். என் செடிகளில் பெரும்பங்கு அந்தப் படுகையில்தான் இருக்கின்றன. குளத்துக்குள் இருப்பவை அல்லி மட்டுமே, அதுவும் காவலோடு. மீனும் செடியும் ஒரே தண்ணீரில் வாழலாம், ஒரே தரையில் முடியாது. நான் சொல்ல வருவது இவ்வளவுதான். ஆனால் அதைச் செய்து முடிப்பதில் நிறைய விஷயம் இருக்கிறது.

கோய் ஒரு கெண்டை. நம் மீன் மார்க்கெட்டில் சாதாக் கெண்டை என்று விற்பார்களே, அதற்கு நெருங்கிய சொந்தம். ஜப்பானில் நீகாட்டா மலைக் கிராமங்களின் நெல் விவசாயிகள் உணவுக்காக வளர்த்த கெண்டைகளில் நிறம் மாறிப் பிறந்தவற்றைத் தனியே எடுத்து இனம் பெருக்கியதில் வந்தவை இவை. 1914-ல் டோக்கியோவில் நடந்த கண்காட்சியில் வைத்த பிறகுதான் ஜப்பான் முழுக்கப் பெயர் பரவியது. நிறம் எவ்வளவு மாறினாலும் கெண்டையின் குணம் மாறவில்லை. அந்தக் குணம் தரையைக் கிளறுவது. சாதாக் கெண்டையை 1939-ல் இலங்கையிலிருந்து நீலகிரிக்குக் கொண்டு வந்தார்கள். உலகத்தில் அது புதிதாகப் போய்ச் சேர்ந்த பல நீர்நிலைகளில் அடிமண்ணைக் கிளறித் தண்ணீரைக் கலக்கி, தண்ணீருக்கடியில் வளரும் செடிகளை அழித்திருக்கிறது. ஆஸ்திரேலியாவில் மர்ரே-டார்லிங் ஆற்றுப் படுகை முழுக்க அதை ஒரு தொல்லையாகவே பார்க்கிறார்கள்.

ஒருநாள் தீவனம் போடாமல் குளத்தோரம் உட்கார்ந்து பாருங்கள். கோய் தலையைக் கீழே சாய்த்து, வாயைக் குழாய் மாதிரி முன்னால் நீட்டி, செடித் தொட்டியின் மண்ணில் ஒரு வாய் உறிஞ்சும். வாயோரத்து நான்கு மீசைகளும் மண்ணைத் தடவிக்கொண்டே இருக்கும். உறிஞ்சியதை வாய்க்குள்ளேயே சலித்து, தின்னக்கூடிய புழுவையோ விதையையோ வைத்துக்கொண்டு மிச்சத்தை உமிழும். செவுள் வழியே ஒரு சின்னப் புகை போல மண் வெளியேறும். உடனே அடுத்த வாய். அரை மணி நேரத்தில் அந்த இடத்தில் ஒரு குழி விழுந்திருக்கும். செடியின் மேல் அதற்குப் பகை ஒன்றும் கிடையாது. கிழங்கைச் சுற்றியிருந்த மண் போனதும் கிழங்கு மிதக்கிறது, அவ்வளவுதான். இளந்தளிரைத் தின்னவும் செய்யும். வள்ளைக்கீரைக் கட்டு ஒன்றைப் போட்டால் மறுநாள் தண்டு மட்டும்தான் மிச்சம்.

நம் ஊர்க் குளங்களில் அல்லியும் கெண்டையும் காலங்காலமாகச் சேர்ந்துதானே இருக்கின்றன என்று கேட்கலாம். இருக்கின்றன. அங்கே ஏக்கர் கணக்கில் தண்ணீர், முழங்கால் ஆழத்துக்கு வண்டல், ஒரு மீன் கிளறிய இடத்துக்கு இன்னொரு மீன் வர எத்தனையோ நாள் ஆகும். தீவனம் என்று யாரும் தினமும் கொட்டுவதில்லை. வீட்டுக் குளத்தில் நிலைமை தலைகீழ். கொஞ்சம் தண்ணீர், கனத்த மீன், தினமும் புரதம் நிறைந்த தீவனம். ஒரு கிலோ தீவனம் போட்டால் அதிலிருந்து ஏறத்தாழ 30 கிராம் அம்மோனியா தண்ணீரில் சேரும் என்பது மீன் வளர்ப்பில் வழக்கமாகப் போடும் கணக்கு. அதில் பெரும்பகுதி மீனின் செவுள் வழியாகவே வெளியேறுகிறது. கழிவை அள்ளிவிட்டால் சரியாகிவிடும் என்று நினைப்பது அதனால்தான் போதாது.

அம்மோனியாவோடு உயர்ந்த பி.எச். (தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் அளவு) சேரும்போதுதான் ஆபத்து. தண்ணீரில் இருக்கும் அம்மோனியா முழுக்க நஞ்சு கிடையாது, ஒரு பங்குதான் நஞ்சு வடிவத்தில் இருக்கும். 25 டிகிரி வெப்பத்தில், பி.எச். 7 என்றால் அந்தப் பங்கு 1 சதவீதத்துக்கும் கீழே. பி.எச். 8-ல் 5 சதவீதம். பி.எச். 9-ல் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். சிறுவாணித் தண்ணீர் மென்மையானது. ஆனால் தோட்டக் குளத்துக்குப் பெரும்பாலும் எல்லோரும் போர் தண்ணீரைத்தான் விடுகிறோம், அது கடினம், பி.எச். 8-ஐ ஒட்டியே நிற்கும். இதோடு நுண்பாசி பெருகித் தண்ணீர் பச்சையானால், அந்தப் பாசி பகலில் கரியமில வாயுவை உறிஞ்சிக்கொள்ள, மதியம் மூன்று மணிக்கு பி.எச். இன்னும் ஏறும். காலையில் சோதித்துவிட்டு எல்லாம் நன்றாக இருக்கிறது என்று எழுந்து போகக் கூடாது. ஒருமுறையாவது மதியத்தில் சோதியுங்கள்.

இங்கேதான் செடிக்கு வேலை. கல்லிலும் ஜல்லியிலும் ஒட்டி வாழும் பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாக்கி, பிறகு நைட்ரேட்டாக்குகின்றன. செடி அம்மோனியாவையும் எடுத்துக்கொள்ளும், நைட்ரேட்டையும் எடுத்துக்கொள்ளும். நுண்பாசிக்குப் போக வேண்டிய சத்து கல்வாழைக்குப் போனால் தண்ணீர் தெளிகிறது. ஆனால் செடி இருக்கிறதே, ஃபில்டர் எதற்கு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எட்டு கோய் போடும் கழிவை நான்கு அல்லித் தொட்டி தாங்காது. செடியையே ஃபில்டருக்குள் நட்டு வைப்பதுதான் எனக்குப் பிடித்த வழி.

அந்த ஃபில்டர்தான் ஜல்லிப் படுகை. அதைப் பற்றி விரிவாகச் சொல்கிறேன், கேட்பவர்கள் எல்லாம் இதைத்தான் கேட்கிறார்கள். குளத்தின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்காவது இருக்கட்டும். இரண்டரை அடி ஆழம் போதும். அடியில் ஒன்றரை இன்ச் பி.வி.சி. குழாயை ஏணி வடிவில் கோத்து, ரம்பத்தால் குறுக்கே கீறல் போட்டுப் பதிக்க வேண்டும். கீறல் கீழ்நோக்கி இருந்தால் கழிவு அடைக்காது. அதன்மேல் ஒரு வரிசை பெரிய கல், பிறகு ஒன்றரை இன்ச் ஜல்லி, மேலே முக்கால் இன்ச் ஜல்லி. கருங்கல் ஜல்லி நல்லது. சுண்ணாம்புக் கல் கலந்தால் பி.எச். ஏறும். லாரியில் வரும் ஜல்லியைக் கழுவாமல் போடவே கூடாது, கல் மாவு மாதக்கணக்கில் தண்ணீரைக் கலக்கிக்கொண்டிருக்கும். குளத்துப் பம்பு தண்ணீரை இந்தக் குழாய்க்குள் தள்ளும். தண்ணீர் கீழிருந்து ஜல்லி வழியாக மெல்ல மேலே ஏறி, செடி வேர்களைக் கடந்து, விளிம்பில் வழிந்து குளத்துக்கே திரும்பும். குளத்தின் முழுத் தண்ணீரும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது இப்படிச் சுற்றி வர வேண்டும்.

ஒரு மூலையில் நான்கு இன்ச் குழாய் ஒன்றைச் செங்குத்தாக அடிவரை நட்டு வையுங்கள். அடியில் கழிவு சேர்ந்திருக்கிறதா என்று அதன் வழியே பார்க்கலாம், சின்னப் பம்பை இறக்கி உறிஞ்சலாம். படுகையின் அடியில் ஒரு கேட் வால்வும் அவசியம். என் படுகையின் வால்வைத் திறக்கும்போது முதலில் வருவது காப்பிப் பொடி நிறத்தில் கெட்டியான தண்ணீர். அது நேராகக் கறிவேப்பிலைக்கும் வாழைக்கும் போகிறது. அந்த வாழை இலைகளின் அகலத்தைப் பார்த்தால் குளத்தில் எவ்வளவு சத்து சேர்ந்திருந்தது என்று புரியும்.

படுகையில் என்ன நடலாம்? கல்வாழைக்கு முதலிடம். வெயிலும் தண்ணீரும் இருந்தால் போதும், அசுர வளர்ச்சி. வசம்பு மெதுவாக வளரும், ஆனால் பிடித்துக்கொண்டால் நிலைத்து நிற்கும், இலையைக் கசக்கினால் வரும் வாசனைக்காகவே ஒரு வரிசை வைக்கலாம். சேம்பு, நர்சரியில் அம்ப்ரெல்லா பாம் என்று கேட்டால் தரும் கோரை, ஓரமாகப் படர நீர்ப்பிரமி. வெட்டிவேரை நான் எல்லோருக்கும் சிபாரிசு செய்வேன். அதன் வேர் நேராகக் கீழே இறங்கி ஜல்லிக்குள் ஒரு திரை போலத் தொங்கும், கழிவுநீரைச் சுத்தம் செய்யவே அதைப் பல நாடுகளில் பயன்படுத்துகிறார்கள். எதை நட்டாலும் வேரில் ஒட்டியிருக்கும் மண்ணைக் குழாயடியில் முழுக்கக் கழுவிவிட்டு வெறும் வேராக ஜல்லிக்குள் செருகுங்கள். உரம் வேண்டாம், உரம்தான் மீன் தருகிறதே. சம்பு என்னும் உயரமான கோரை மட்டும் வேண்டாம். அதன் கூரிய வேர்த்தண்டு சில இடங்களில், தண்ணீர் கசியாமலிருக்கக் குளத்தடியில் போடும் விரிப்பையே துளைத்துவிடும்.

இனி அல்லி. இது குளத்துக்குள்ளேயேதான் இருக்க வேண்டும், இதன் அழகே மிதக்கும் இலையில்தான் இருக்கிறது. பேரூர் போகும் வழியில் செடி வாங்கும்போது அங்கிருந்த அம்மா ஒருவர், "கண்ணு, மீனு இருக்குற தொட்டிக்குங்களா? அப்ப இந்தச் சின்னது வேண்டாங்க, கெழங்கு முத்தினதா எடுத்துக்கங்க" என்று பின்னாலிருந்து ஒரு தொட்டியை இழுத்துக் கொடுத்தார். அது மிகச் சரியான ஆலோசனை. வேர் பிடித்து, ஐந்தாறு இலை விட்ட செடியைத்தான் கோய் இருக்கும் குளத்தில் இறக்க வேண்டும். இளஞ்செடியைத் தனித் தொட்டியில் வைத்து வளர்த்துக்கொள்வது நல்லது.

நடுவதற்கு வாய் அகன்ற அன்னக்கூடை வசதி. உயரத்தைவிட அகலம் முக்கியம். களிமண்ணும் செம்மண்ணும் கலந்து, தண்ணீர் தெளித்து, கையால் அழுத்தி நிரப்புங்கள். தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம், சாணம் எதுவும் வேண்டாம். நார்க்கழிவு மிதக்கும். சாணம் மட்கும்போது ஆக்சிஜனைத் தின்று அம்மோனியாவை விடும், மீன் கிளறும்போது அது அப்படியே தண்ணீருக்கு வந்துவிடும். மெதுவாகக் கரையும் உரத்தைக் காகிதத்தில் பொட்டலமாகச் சுருட்டி, அடி மண்ணில் விரலால் ஆழமாகத் தள்ளிவிட்டால் போதும். நம் நாட்டு அல்லிகளுக்குக் கிழங்கு நடுவில் இருக்க வேண்டும், குருத்து மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். குளிர்நாட்டு வகைகளின் கிழங்கு படுத்தபடி ஒரு பக்கமாக நகர்ந்து வளரும், அதனால் தொட்டியின் ஓரத்தில் சாய்த்து வைத்து, குருத்தை நடுப்பக்கம் பார்க்க விட வேண்டும்.

பிறகு காவல். மண்ணின் மேல் ஒரு இன்ச் ஆற்று மணல், அதன்மேல் கூழாங்கல். கூழாங்கல் என்றால் அலங்காரத்துக்கு விற்கும் சின்னக் கல்லைச் சொல்லவில்லை. அந்தச் சின்னக் கல்லைக் கோய் வாயில் வைத்து உருட்டி, தொட்டிக்கு வெளியே துப்பும். வளர்ந்த மீனின் வாயில் நுழையாத, மூக்கால் தள்ளி நகர்த்த முடியாத, கைப்பிடி அளவுக் கல் வேண்டும். குருத்தைச் சுற்றி மட்டும் இரண்டு விரல் இடம் விடுங்கள். அதற்குப் பிறகும், ஒரு இன்ச் கண்ணுள்ள பிளாஸ்டிக் வலையை உருளையாகச் சுருட்டித் தொட்டியைச் சுற்றிக் கட்டி, தண்ணீர் மட்டம் வரை நிறுத்துவேன். புது இலை உருளைக்குள்ளேயே மேலே வந்து, வெளியே விரிந்து படரும். தளிரை மீன் தொட முடியாது. வலை பார்க்க அசிங்கம் என்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: இலைகள் படர்ந்தபின் அது கண்ணுக்கே தெரியாது.

முதலில் ஹாலோ பிளாக் கல்லின் மேல் தொட்டியை வைத்து, குருத்துக்கு மேல் ஒரு சாண் தண்ணீர் இருக்கும்படி நிறுத்துங்கள். இலை மேலே வந்ததும் ஒன்றொன்றாகக் கல்லை எடுத்து இறக்கலாம். ஐந்தாறு மணி நேரம் நேர் வெயில் வேண்டும். படுகையிலிருந்து தண்ணீர் விழும் இடத்திலிருந்து தள்ளி வையுங்கள், இலையின் மேல் ஓயாமல் தண்ணீர் தெறிப்பது அல்லிக்கு ஆகாது. செவ்வல்லி சாயங்காலம் விரிந்து மறுநாள் முற்பகலில் மூடும். நீல அல்லி பகலில் விரியும். காலையில் வேலைக்குப் போய் இருட்டியபின் வீடு திரும்புபவர்கள் செவ்வல்லியை வையுங்கள். வாசல் விளக்கு வெளிச்சத்தில் அது முழுக்க விரிந்திருப்பதையும், அதன் கீழே ஒரு வெள்ளை மீன் மெல்லக் கடப்பதையும் பார்ப்பதற்கு வாரம் முழுக்கக் காத்திருக்க வேண்டியதில்லை.

தாமரை வேண்டும் என்பவர்களுக்குச் சுருக்கமாக: துளையில்லாத வட்டத் தொட்டி, கிழங்கின் நுனி ஒடியாமல் பார்த்துக்கொள்வது, தண்ணீருக்கு மேல் நிமிர்ந்து நிற்கும் இலை வந்த பிறகே குளத்தில் இறக்குவது. என் கருத்தில் தாமரைக்குத் தனித் தொட்டியே மரியாதை.

தண்ணீர் பரப்பில் பாதிக்கு மேல் இலை மூடினால் கழித்துவிடுங்கள். பாதி மூடியிருப்பது நல்லது. ஏப்ரல், மே வெயிலில் தண்ணீர் சூடாவதைக் குறைக்கும். மடையான் வந்து விளிம்பில் நிற்கும்போது குட்டி மீன்கள் ஒதுங்க இடம் கிடைக்கும். முழுக்க மூடினால் காற்றும் தண்ணீரும் கலக்க இடம் இருக்காது. செடி இருக்கும் குளத்தில் ஆக்சிஜன் குறைவாக இருக்கும் நேரம் விடியற்காலை. பகலில் ஆக்சிஜன் தரும் அதே செடியும் பாசியும் இரவெல்லாம் அதை எடுத்துக்கொள்கின்றன. தண்ணீர் சூடாக ஆக அதில் கரையும் ஆக்சிஜனும் குறையும்: 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் வரை கரையும், 30 டிகிரியில் ஏழரைதான். வெயில் காலத்து மேகமூட்டமான நாளுக்கு அடுத்த விடியலில் மீன்கள் மேலே வந்து வாய் பிளந்து நின்றால் காரணம் இதுதான். ஏர் பம்பை இரவு முழுக்க ஓட விடுங்கள். மின்வெட்டுள்ள பகுதி என்றால் அதற்கு ஒரு பேட்டரி வைப்பது மற்ற எல்லாச் செலவையும்விட முக்கியம்.

கடையிலிருந்து வரும் செடி தனியாக வராது. நத்தை முட்டை வரும், மீன் உடம்பில் ஒட்டி வாழும் நங்கூரப் புழுவும் மீன் பேனும் வரலாம். வேரைக் கழுவி, பொட்டாசியம் பர்மாங்கனேட்டை இளஞ்சிவப்பாகக் கரைத்த தண்ணீரில் பத்து நிமிடம் முக்கி, மீன் இல்லாத தொட்டியில் மூன்று நான்கு வாரம் வைத்திருந்து பிறகு குளத்துக்கு மாற்றுங்கள். சென்னைக் கொளத்தூரிலிருந்து புது மீன் வாங்கி வந்தாலும் இதே விதி, தனித் தொட்டி. அந்தத் தொட்டி இன்னொரு வகையிலும் உதவும். கோய்க்கு உடம்பு சரியில்லை என்றால் முதலில் போடுவது கல்லுப்பு, ஆயிரம் லிட்டருக்கு 3 கிலோ. மீனுக்கு அது மருந்து, செடிகளில் பலவற்றுக்கு விஷம். நோய்ப்பட்ட மீனைத் தனியே எடுத்து வைத்தியம் பார்த்தால் குளத்துச் செடி பிழைக்கும். பாசியைக் கொல்ல விற்கும் தாமிர மருந்துகளைச் செடிக் குளத்தில் தொடவே வேண்டாம். அல்லி இலையில் அசுவினி அடைந்தால் பூச்சிமருந்து கூடாது, வேப்பெண்ணெயும் கூடாது. ஹோஸ் பைப்பால் பீய்ச்சித் தண்ணீரில் தள்ளினால் மிச்ச வேலையை மீன்கள் பார்த்துக்கொள்ளும்.

மிதக்கும் செடிகளில் வெங்காயத்தாமரை கோய்க்குப் பிரியமானது. அதன் கருத்த, இறகு போன்ற வேரை வரிசையாகக் கொறிக்கும். இனப்பெருக்கக் காலத்தில் விடியற்காலையில் ஆண் மீன்கள் பெண்ணைத் துரத்தித் துரத்தி அந்த வேர்க்கூட்டத்துக்குள் தள்ளும். தண்ணீர் நுரைத்துப் போகும். கடுகு அளவிலான, ஒட்டும் முட்டைகள் வேர் முழுக்கப் பதிந்திருக்கும். குஞ்சு வேண்டுமானால் உடனே அந்தச் செடிகளை எடுத்து, குளத்துத் தண்ணீரையே ஊற்றிய வேறு தொட்டிக்கு மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் பெற்றவையே தின்றுவிடும். நம் வெப்பத்தில் இரண்டு மூன்று நாளில் பொரிந்துவிடும்.

ஆனால் இந்தச் செடியை வளர்ப்பவருக்கு ஒரு பொறுப்பு இருக்கிறது. தென் அமெரிக்காவிலிருந்து வந்த இந்தச் செடி இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகும். உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், சிங்காநல்லூர் குளம் என்று கோவையின் குளங்களை இது மூடிக் கிடந்ததை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்தக் குளங்களை மீட்க எத்தனை பேர் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று இதை இழுத்துப் போட்டார்கள்! அதனால் வீட்டுக் குளத்தில் கழித்த ஒரு கொத்தைக்கூட வாய்க்காலிலோ சாக்கடையிலோ வீசாதீர்கள். வெயிலில் நன்றாகக் காயவைத்து உரக்குழியில் போடுங்கள், மண்ணுக்கு நல்ல உரம். வீடு மாற்றும்போது மீனை என்ன செய்வது என்று தெரியாமல் ஏரியில் கொண்டுபோய் விடுபவர்கள் இருக்கிறார்கள். கோய் ஏரிக்குப் போனாலும் தரையைக் கிளறும், அங்கே வேலி போட்ட அல்லி கிடையாது. வளர்க்கத் தெரிந்த இன்னொருவரிடம் கொடுத்துவிடுங்கள், கோவையில் அப்படிப்பட்டவர்களுக்குப் பஞ்சமில்லை.